நெறி கட்டிய கழுத்து: புற்றுநோய் நிணநீர் வழியே பரவுவதும் அதைத் தடுப்பதும்

மலேசியாவின் பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் சின்னம்மா மூன்று மாதம் கழுத்தில் ஒரு கட்டியோடு நடமாடினார். இடது தாடைக்குக் கீழே, கோலிக்குண்டு அளவு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. "நெறி கட்டியிருக்குப்பா, பல்லு சொத்தையா இருக்கும்" என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். கரையவில்லை. உருட் என்னும் மலாய் முறைப்படி உடம்பு பிடித்துவிடும் ஓர் அம்மாவிடம் போய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். அப்போதும் கரையவில்லை. கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று அதற்கும் முன்பே இருந்திருக்கிறது. சுண்ணாம்பு அதிகமாகி வாய் வெந்துவிட்டது என்று அதை அவர் பொருட்படுத்தவே இல்லை. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வயதில் தொடங்கிய வெற்றிலைப் பழக்கம் அவருக்கு.

ஒருவழியாகச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்து ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கட்டியில் மெல்லிய ஊசி விட்டுச் செல்களை உறிஞ்சிப் பார்க்க வேண்டும், வாய்ப்புண்ணிலிருந்து துளி சதை எடுக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அன்று இரவு வீட்டில் பெரிய வாக்குவாதம். "கத்தி பட்டா பரவிடும்" என்றார் மாமா. "ஊசி குத்தி அதைக் கிளறி விடாதீங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இருவரும் சின்னம்மாவின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அன்றைக்கு அவர்களுக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நெறி என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கையில் காயம் பட்டால் அக்குளில் கட்டும். பல் வலித்தால் தாடைக்குக் கீழே கட்டும். இது நம் பாட்டிமார்கள் எல்லோருக்கும் தெரியும். கால் புண்ணுக்குக் கழுத்தில் நெறி கட்டாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கென்று ஒரு வடிகால் உண்டு, அந்த வடிகால் முதலில் போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு என்பதைத்தான் அவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். இன்றைய புற்றுநோய் அறுவை மருத்துவத்தின் மிக முக்கியமான பரிசோதனை ஒன்று இதே அறிவின் மேல்தான் நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உடம்புக்குள் ஓடும் லோங்காங்

இரத்தக் குழாய்கள் கசியும். அது குறையல்ல, அப்படித்தான் அமைந்திருக்கின்றன. மிக நுண்ணிய குழாய்களின் சுவர் வழியே நீர் வெளியேறித் திசுக்களை நனைத்து, செல்களுக்கு உணவு கொடுக்கிறது. கசிந்த நீர் திரும்ப வேண்டுமே? திரும்பாவிட்டால் உடம்பு ஊதிவிடும். அதற்காகவே இன்னொரு குழாய் வலை இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர் நீரை அது திரட்டிக்கொண்டு போய் மறுபடி இரத்தத்தில் சேர்க்கிறது. அந்த நீர்தான் நிணநீர். ஜார்ஜ் டவுனில் பெரிய மழை பெய்தால் கடைவரிசை ஓரத்து வடிகாலான லோங்காங்கில் தண்ணீர் இறங்கி, பெரிய வாய்க்காலுக்குப் போய், கடலில் கலக்கிறது அல்லவா, அதுபோல. ஒரு வித்தியாசம், இந்த வாய்க்காலில் தண்ணீரைத் தள்ள இதயம் மாதிரி ஒரு பம்பு கிடையாது. குழாய்ச் சுவரின் சிறு சுருக்கங்கள், நாம் நடக்கும்போது அழுத்தும் தசைகள், பின்னோக்கிப் போகவிடாத சின்னச் சின்ன வால்வுகள் இவற்றால் மெதுவாக நகர்கிறது.

வழியெங்கும் அவரை விதை வடிவத்தில் வடிகட்டிகள் இருக்கின்றன. உடம்பு முழுவதும் சுமார் 600. இவைதான் நிணநீர் முடிச்சுகள். அக்குளில் மட்டும் 20 முதல் 40 வரை இருக்கும். கழுத்து, நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதி, வயிறு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் நோய் எதிர்ப்பு செல்கள் நிறைந்திருக்கின்றன. வரும் நீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் அதை அடையாளம் கண்டு படை திரட்டுவதும் அவற்றின் வேலை. படை திரளும்போது முடிச்சு வீங்கும். அதுதான் நெறி கட்டுவது. ஆகவே நெறி கட்டுவது பெரும்பாலும் உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். இதைச் சொல்லாமல் மேலே போனால், படிப்பவர்கள் இன்றிரவே கழுத்தைத் தடவிப் பார்த்துப் பயந்துவிடுவார்கள்.

கிருமியால் வீங்கும் முடிச்சு வலிக்கும், கொஞ்சம் மெத்தென்றிருக்கும், இரண்டொரு வாரத்தில் தணியும். நம் நாட்டில் காசநோயும் கழுத்து முடிச்சில் வந்து தங்கும், அது வலியில்லாமலும் இருக்கலாம். புற்றுநோய் வந்து தங்கிய முடிச்சு பெரும்பாலும் வலிக்காது. கெட்டியாக இருக்கும், நாளாக ஆகப் பெரிதாகும், விரலால் தள்ளினால் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தக் காரணமும் தெரியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும் முடிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலிக்கவில்லையே என்று சின்னம்மா நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதிதான் மூன்று மாதத்தைத் தின்றது.

கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே இடதுபுறம் தென்படும் முடிச்சுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். கால்கள், வயிறு, இடது கை என்று உடம்பின் பெரும்பகுதியிலிருந்து வரும் நிணநீர் எல்லாம் நெஞ்சுக்குள் ஏறும் ஒரே பெரிய குழாய் வழியாக அந்த இடத்தில்தான் இரத்தத்தில் கலக்கிறது. அதனால் இரைப்பைப் புற்றுநோய் கூட முதன்முதலாகக் கழுத்தில் வந்து தலைகாட்டலாம். ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1848-லேயே இதைக் கவனித்து எழுதினார். அந்த முடிச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

செல் எப்படிப் புறப்படுகிறது

புற்றுக் கட்டியில் இருக்கும் செல்கள் எல்லாம் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவதில்லை. தோலிலும் வாயின் உட்தோலிலும் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். மரபணு மாற்றங்கள் சேரச் சேர, சில செல்கள் அந்தப் பிடியை விடுகின்றன. கீழே இருக்கும் மெல்லிய தடுப்புச் சவ்வைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பது வாய்ப் புற்றுநோயில் மிகப் பெரிய விஷயம். ஆழம் கூடினால் கழுத்து முடிச்சுக்குப் போயிருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால்தான் அகலம் குறைவான புண்ணைக்கூட மருத்துவர்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உள்ளே இறங்கிய செல்லுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று இரத்தக் குழாய், இன்னொன்று நிணநீர்க் குழாய். நீர் கசிந்தாலும், ஒரு செல் நுழைய இரத்தக் குழாயின் சுவர் இறுக்கமானது. நிணநீர்க் குழாயின் நுனிகளோ ஒற்றை வரிசைச் செல்களால் ஆனவை, ஓடு வேய்ந்த மாதிரி விளிம்புகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். கசிந்த நீர் உள்ளே வருவதற்காகவே திறந்து மூடும் வாசல்கள் அவை. புற்றுச் செல்லும் அதே வாசலில் நுழைகிறது. உள்ளே போனபின் ஓட்டமும் மெதுவானது. இரத்த ஓட்டத்தின் வேகத்தில் அடிபட்டுச் சாகும் செல்கள் ஏராளம், நிணநீரில் அந்த அடி குறைவு. 2020-இல் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை வைத்து எலிகளில் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நிணநீரில் இருக்கும் ஒலியிக் அமிலம், புற்றுச் செல்லை அழிக்கக்கூடிய ஒருவகை ஆக்சிஜன் சேதத்திலிருந்து அதைக் காப்பாற்றுகிறதாம். ஆலிவ் எண்ணெயில் நிறைய இருக்கும் அதே கொழுப்பு அமிலம்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் சமையல் எண்ணெயை மாற்ற வேண்டாம். உடம்புக்குள் நடப்பது வேறு, தட்டில் இருப்பது வேறு.)

கட்டி வெறுமனே வாசலுக்காகக் காத்திருப்பதும் இல்லை. விஇஜிஎஃப்-சி என்ற புரதத்தைச் சுரந்து, தன்னைச் சுற்றிப் புதிய நிணநீர்க் குழாய்களை முளைக்க வைக்கிறது. இது புற்றுப் பரவலைக் கூட்டுகிறது என்பதை 2001-இல் வெளிவந்த எலி ஆய்வுகள் காட்டின. போய்ச் சேருவதற்கு முன்பே முடிச்சுக்குள்ளும் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. போய்ச் சேர்ந்தபின் நடப்பதுதான் எனக்கு மிகவும் வேதனை தந்த பகுதி. எதிர்ப்பு செல்கள் கூடியிருக்கும் இடத்திலேயே புற்றுச் செல் குடியேறி, அந்தச் செல்களை மெல்ல மெல்லத் தன்னைச் சகித்துக்கொள்ளப் பழக்குகிறது. அந்தச் சகிப்புத்தன்மை உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவி, தொலைவில் நோய் ஊன்றவும் வழிசெய்கிறது என்று 2022-இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்று காட்டியது.

அங்கிருந்து அடுத்த முடிச்சு, அதற்கடுத்த முடிச்சு என்று வரிசையாகப் போகலாம். அல்லது முடிச்சுக்குள்ளேயே ஓடும் நுண் இரத்தக் குழாயைத் துளைத்து நேராக நுரையீரலுக்குப் போகலாம். 2018-இல் எலிகளில் இரண்டு தனித்தனி ஆய்வுக் குழுக்கள் இதைக் கண்டன. ஆனால் மனிதர்களில் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. 2017-இல் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 17 பேரின் கட்டிகளை மரபணு வழியே ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு முடிச்சில் இருந்த செல்லும் ஈரல் முதலான தொலைவிடங்களில் இருந்த செல்லும் மூலக் கட்டியிலிருந்து தனித்தனியாகக் கிளம்பியவை என்று தெரிந்தது. மீதிப் பேருக்கு இரண்டும் ஒரே கிளையிலிருந்து வந்தவை. அதாவது சிலருக்கு முடிச்சு ஒரு வழிநடை மண்டபமாக இருந்திருக்கலாம். பலருக்கு அது வேறொரு திண்ணை மட்டுமே.

போய் விழும் இடமெல்லாம் முளைத்துவிடுவதும் இல்லை. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-லேயே இதை விதையும் மண்ணும் என்று விளக்கினார். விதை எங்கும் பறக்கும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். மார்பகப் புற்றுநோய் எலும்பை அதிகம் நாடுவதும், பெருங்குடல் புற்றுநோய் ஈரலை நாடுவதும் இரத்தம் ஓடும் பாதையாலும் மண்ணின் தன்மையாலும்தான். தைராய்டில் வரும் பொதுவான வகைப் புற்றுநோய் கழுத்து முடிச்சுகளுக்குப் பரவுவது மிகச் சாதாரணம், ஆனாலும் பெரும்பாலானோர் நலமாகிவிடுகிறார்கள். முடிச்சுக்குப் பரவிவிட்டது என்ற ஒரே சொல் ஒவ்வொரு புற்றுநோயிலும் வேறு வேறு எடை உடையது.

எல்லா முடிச்சையும் வெட்டி எடுத்துவிட்டால்?

இது யாருக்கும் தோன்றும் கேள்வி. ஏறத்தாழ நூறு வருடம் மருத்துவமும் அப்படித்தான் நினைத்தது. அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் மொத்தமாக எடுக்கும் அறுவை முறையைப் பரப்பினார். முடிச்சு ஒரு அணை, அணையோடு சேர்த்து எடுத்துவிட்டால் வெள்ளம் நின்றுவிடும் என்பது அந்த எண்ணம். பல தலைமுறைப் பெண்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். உள்வாங்கிய நெஞ்சு, தூக்க முடியாத கை, வாழ்நாள் முழுக்க வீக்கம்.

பெர்னார்ட் ஃபிஷர் என்ற இன்னொரு அமெரிக்க அறுவை மருத்துவர் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். அவர் தலைமையில் 1971-இல் தொடங்கிய ஆய்வின் 25 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. தொட்டுப் பார்த்து முடிச்சு தென்படாத பெண்களில், முடிச்சுகளை முதலிலேயே எடுத்தவர்களும் எடுக்காமல் கவனித்து வந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்கே உயிர்வாழ்ந்தார்கள். அப்படியானால், முடிச்சில் நோய் இருப்பது பல நேரங்களில் அந்த நோயின் சுபாவத்தைக் காட்டும் அடையாளம். ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்பதைக் கிளினிக் வாசல் கூட்டம் காட்டுகிறது, கூட்டத்தைக் கலைத்தால் காய்ச்சல் போய்விடாது. இரத்தம் வழியே போய்விட்ட செல்லுக்கு மருந்துதான் வேண்டும்.

ஆனாலும் முடிச்சில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தே ஆக வேண்டும், மருந்தையும் கதிர்வீச்சையும் முடிவு செய்ய அது தேவை. அதற்கு முப்பது முடிச்சையும் எடுக்க வேண்டுமா? இங்கேதான் பாட்டியின் நெறிக் கணக்கு திரும்ப வருகிறது. கட்டி இருக்கும் இடத்தின் நீர் முதலில் எந்த முடிச்சுக்குப் போகிறதோ, அதில் இல்லையென்றால் அடுத்ததில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ரமோன் கபானாஸ் 1977-இல் இதை ஆண்குறிப் புற்றுநோயில் எழுதினார். டொனால்ட் மார்ட்டன் 1992-இல் மெலனோமாவில் நீலச் சாயம் செலுத்திச் செய்து காட்டினார். பிறகு மார்பகத்துக்கும் வந்தது. கட்டிக்கு அருகில் நீலச் சாயமோ மிகக் குறைந்த கதிரியக்கப் பொருளோ, இரண்டுமோ செலுத்துவார்கள். அது ஊர்ந்து போய் முதல் முடிச்சில் சேரும். நீலமாகத் தெரியும் அல்லது கருவி சத்தம் கொடுக்கும் அந்த ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். காவல் முடிச்சு என்று இதைச் சொல்லலாம். சாயம் போட்டால் ஒருநாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பெண்கள் மிரண்டுபோவார்கள், அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

காவல் முடிச்சில் நோய் இருந்தாலுமே எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை என்ற இடத்துக்கு இப்போது வந்திருக்கிறார்கள். மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் பெறும் பெண்களுக்கு, ஒன்று அல்லது இரண்டு காவல் முடிச்சுகளில் மட்டும் நோய் இருந்தால், மற்ற முடிச்சுகளை விட்டுவைத்தாலும் உயிர்வாழ்வு குறைவதில்லை என்று 891 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2011-இல் சொன்னது, 2017-இல் பத்தாண்டு முடிவும் அதையே உறுதி செய்தது. இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கை வீங்கிய ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அக்குள் முடிச்சுகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவல் முடிச்சு மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவரைச் சற்றே தாண்டும் அளவில்தான். வடிகாலை உடைத்தால் தண்ணீர் தேங்கத்தானே செய்யும்.

வாய்ப் புற்றுநோயின் கதை வேறு

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, முடிச்சை எடுக்கவே வேண்டாம் போலிருக்கிறது என்று யாராவது முடிவுகட்டினால், நம் சமூகத்துக்கு அது ஆபத்து. ஏனென்றால் வாய்ப் புற்றுநோயில் ஆய்வு நேர் எதிராகச் சொன்னது.

பினாங்கு என்ற பெயரே பாக்கு மரத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மாநிலக் கொடியின் நடுவில் நிற்பதும் பாக்கு மரம்தான். லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்குப் பக்கத்தில் வெற்றிலை பாக்கு இல்லாத நாள் கிடையாது. தாம்பூலம் நமக்கு மங்கலப் பொருள், அதில் எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்க்காவிட்டாலும்கூட. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். ஆனால் வாய்ப் புற்றுநோய் விகிதத்தில் மூன்று பெரிய இனங்களில் முதலில் நிற்பது நாம்தான், அதிலும் நம் பெண்கள். தோட்டத்தில் வெயிலில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள் பசியை மறக்கப் போட்ட வெற்றிலை அது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் தலைமையில் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வாயில் ஆரம்ப நிலைப் புற்றுநோய், கழுத்தில் தொட்டால் எதுவும் தென்படவில்லை. அப்படிப்பட்ட 500 பேரின் முடிவுகள். ஒரு பாதிக்கு வாய் அறுவையின்போதே கழுத்து முடிச்சுகளையும் எடுத்தார்கள். மறு பாதிக்கு, கழுத்தில் கட்டி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து முதல் பிரிவில் 80 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் 67.5 விழுக்காட்டினர். நூற்றுக்குப் பன்னிரண்டு உயிருக்கு மேல் வித்தியாசம். மார்பகத்தில் காத்திருக்கலாம், வாயில் காத்திருக்கக் கூடாது. வாய்ப் புற்றுநோய் நெடுநாள் கழுத்தோடு நிற்கும் சுபாவம் உடையது. கழுத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிட முடிகிறது. விட்டுவிட்டால், முடிச்சின் மேலுறையைக் கிழித்துக்கொண்டு பக்கத்திலுள்ள தசைக்கும் இரத்தக் குழாய்க்கும் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் கத்திக்கு இடமில்லை.

இப்போது மாமாவின் வாக்கியத்துக்கு வருகிறேன். கத்தி பட்டால் பரவும் என்பது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். அவர் காலத்தில் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கட்டி முற்றிய பிறகே போனார்கள். திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடி அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் ஆள் போய்விட்டார். கத்தி பட்டதும் போனதும் அடுத்தடுத்து நடந்தன, பரவல் மட்டும் அதற்கெல்லாம் முன்பே நடந்து முடிந்திருந்தது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஊசிப் பரிசோதனையால் செல் சிதறுவது மிக அரிது. விரைப் புற்றுநோய், சில எலும்பு, தசைப் புற்றுநோய்கள், ஈரல் புற்றுநோய் போன்றவற்றில் ஊசியை எங்கே குத்துவது, குத்தவே வேண்டுமா என்பதை மருத்துவர்களே தனியாக யோசித்துச் செய்வார்கள். கழுத்து முடிச்சுக்கு மெல்லிய ஊசி வழக்கமான, பாதுகாப்பான வழி. நோய் இன்னதென்று தெரியாமல் யாரும் சரியான வைத்தியம் தொடங்க முடியாது.

தாமதத்தின் அளவு நம் நாட்டில் பெரிது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, கண்டுபிடிக்கும்போதே மூன்றாம் அல்லது நான்காம் நிலையில் இருந்தவர்கள் 63.7 விழுக்காடு. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளைவிட இது கூடுதல். இந்த எண்ணுக்குப் பின்னால் பற்றும் உருட்டும் இருக்கின்றன, முள்சீத்தா இலைக் கஷாயம் இருக்கிறது, பக்கத்து வீட்டில் வளர்த்துக் கொடுத்த சாபா ஸ்நேக் கிராஸ் என்னும் மூலிகைச் செடியின் சாறும் இருக்கிறது. இவை எவையும் மனிதரில் புற்றுநோயை நிறுத்தியதாக நிரூபணம் இல்லை. வைத்தியத்தோடு சேர்த்துக் குடிப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும், சில சாறுகள் மருந்தின் வேலையைக் கெடுக்கும். கட்டியைத் தேய்த்துக் கரைக்க முடியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

தடுக்கும் வழிகள்

முதல் வழி நோய் வருவதற்கு முன்பே இருக்கிறது. பாக்கையும் புகையிலையையும் விடுவது. பள்ளியில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 2010 முதல் போடப்படும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைத் தவறவிடாதது. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்ப்பது. கன்னத்தின் உள்ளும் நாக்கின் ஓரமும் அடியும் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருக்கிறதா, வாய் முன்புபோலத் திறக்கிறதா? பாக்குப் போடுபவர்களுக்கு உட்தோல் நார்போல் இறுகி வாய் திறப்பு குறைவது புற்றுநோய்க்கு முந்தைய எச்சரிக்கை. பல் மருத்துவரே இதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

நோய் வந்தபின், அறுவை முதல் ஆயுதம். அதற்குமேல் கதிர்வீச்சு, கண்ணுக்குத் தெரியாமல் முடிச்சுகளில் தங்கியிருக்கக்கூடிய செல்களை அந்த வட்டாரத்திலேயே அழிக்கிறது. இரத்தத்தில் கலந்துவிட்டவற்றைத் தேடிப் போவது மருந்து. கீமோ, ஹார்மோன் மாத்திரை, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகை மார்பகப் புற்றுநோய்க்கான ஊசி மருந்து எல்லாம் இந்த வரிசையில் வரும். சில நேரம் அறுவைக்கு முன்பே மருந்து கொடுத்து முடிச்சைச் சுருக்கிவிட்டு, குறைவாக வெட்டுகிறார்கள். நிணநீர்க் குழாய் முளைப்பதையே தடுக்கும் மருந்துகளைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது, இதுவரை அது வழக்கமான சிகிச்சையாகவில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளில் நடக்கும் மாற்றம். இந்த மருந்துகள் வேலை செய்ய எதிர்ப்பு செல்கள் வேண்டும். அவை பயிற்சி பெறும் இடம் நிணநீர் முடிச்சு. முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு மருந்தைக் கொடுப்பதைவிட, இருக்கும்போதே கொடுத்தால் என்ன? 2023-இல் வெளிவந்த மெலனோமா ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் மருந்தை அறுவைக்கு முன்பும் பின்பும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டு நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள் 72 விழுக்காடு. அதே மருந்தை அறுவைக்குப் பிறகு மட்டும் பெற்றவர்களில் 49 விழுக்காடு. மருந்து ஒன்றேதான், கொடுத்த நேரம்தான் வேறு. நூறு வருடம் வெட்டி எறியப்பட்ட உறுப்பு இப்போது துணைக்கு அழைக்கப்படுகிறது. இதன் விலை இன்னும் சாதாரணக் குடும்பம் தொட முடியாத உயரத்தில் இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

அறுவைக்குப் பின் வரும் திசு அறிக்கையை வீட்டில் யாராவது ஒருவர் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. டி, என், எம் என்று மூன்று எழுத்துகள் இருக்கும். டி கட்டியின் அளவு, என் முடிச்சு, எம் தொலைவுக்குப் பரவியது. முடிச்சைப் பின்னம் மாதிரி எழுதியிருப்பார்கள். 2/31 என்றால் 31 முடிச்சுகளை எடுத்துப் பார்த்ததில் இரண்டில் நோய். கீழே இருக்கும் எண்ணும் முக்கியம். பெருங்குடலில் குறைந்தது 12 முடிச்சாவது பார்த்திருக்க வேண்டும் என்பது நடைமுறை, குறைவாகப் பார்த்துவிட்டு பூஜ்யம் என்றால் முழு நிம்மதி இல்லை. முடிச்சின் மேலுறை உடைந்திருக்கிறதா என்ற வரியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சோடு கீமோவும் சேர்க்க வேண்டுமா என்பதை அந்த வரிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

சின்னம்மாவின் அறிக்கையில் 2/31 என்றுதான் இருந்தது, மேலுறை உடையவில்லை. கதிர்வீச்சுக்கு முன்பு கெட்டுப்போன பற்களை எடுத்தார்கள், பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்பதால். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், முப்பது முறை கதிர்வீச்சு. வாய் வறண்டு சாப்பாடு ருசி இல்லாமல் போனது, ரசத்தில் குழைத்த சோறுதான் ஓடியது. கழுத்தில் முடிச்சு எடுக்கும்போது தோளுக்குப் போகும் நரம்பு சற்று பலவீனமானதால் இடது கை மேலே எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி சுவரில் விரல்களை ஏணி ஏறுவதுபோல் நகர்த்திப் பழகினார். சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். போன மாதக் கோடு அலமாரியின் மேல்தட்டு உயரத்துக்கு வந்துவிட்டது.

வாய்ப் புற்றுநோய் திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வரும். அதனால் அந்தக் காலத்தில் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். மருத்துவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பின்னால் வந்து நின்று இரண்டு கைகளாலும் தாடையின் கீழிருந்து கழுத்துப்பட்டை எலும்பு வரை மெதுவாகத் தடவிப் பார்ப்பார். சின்னம்மா கண்ணை மூடிக்கொள்வார். போன வாரம் நாங்கள் போனபோது மாமாவும் கூட வந்திருந்தார். எங்கள் முறை முடிந்ததும், தனக்கும் தாடைக்குக் கீழே ஒன்று தட்டுப்படுகிறது, பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் அவரே கேட்டார்.